காசு கட்டி வழி தவறும் தமிழ்மாறன்

திருவிடைமருதூர் கார் ஸ்டாண்டில் தமிழ்மாறனைப் போல நிதானமாக வண்டி ஓட்டுகிற ஆள் கிடையாது. அவர் பிரேக் பிடித்தால் பின்சீட்டில் இருப்பவர் கையிலுள்ள காபி தளும்பாது. ரோட்டில் பள்ளம் வருவது வண்டிக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் அந்தப் பள்ளம் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டால் மட்டும் சொல்லமாட்டார். ஏனென்றால் தெரியாது.

திசை என்ற சமாச்சாரமே அவர் மண்டைக்குள் வைக்கப்படவில்லை. எதிர்வீட்டுக்காரர் சுவருக்கு மஞ்சள் வண்ணம் அடித்த அன்று சொந்த வீட்டைத் தாண்டிப் போய், தெருமுனையில் நின்று யோசித்தவர். கோயிலுக்குள் போனால் எந்த வாசலில் செருப்பை விட்டோம் என்பதை அந்த மகாலிங்க சுவாமிதான் சொல்லவேண்டும். அவரும் சொல்வதில்லை. தமிழ்மாறன் வெறுங்காலோடு வீடு திரும்பிய நாட்கள் அநேகம்.

இப்படிப்பட்டவர் டிரைவர் ஆனதற்குக் காரணம் சவூதி. அப்பா வீரையன் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தும் அறுத்தும் மகனைப் படிக்கவைத்து, பாஸ்போர்ட் எடுத்துக்கொடுத்து, விமானம் ஏற்றிவிட்டார். அங்கே தண்ணீர் லாரி ஓட்டும் வேலை. ஒரு முனையில் தண்ணீர் பிடிக்கவேண்டும், மறுமுனையில் இறக்கவேண்டும். இடையில் பாலைவனம். வளைவு கிடையாது, பிரிவு கிடையாது, ஒட்டகத்தைத் தவிர குறுக்கே வர எதுவும் கிடையாது. தவறிப் போகவேண்டுமென்று ஆசைப்பட்டாலும் அதற்கு வழியில்லை. பல வருஷம் அப்படியே போய்வந்து, சிறந்த ஓட்டுநர் என்று கம்பெனி கொடுத்த கேடயத்தோடு ஊருக்குத் திரும்பினார். கேடயம் கொடுத்த தைரியத்தில் பழைய கார் ஒன்றை வாங்கி ஸ்டாண்டில் போட்டார்.

இங்கேயோ ஆறு வளைகிறபடிதான் ரோடு. காவிரி ஒன்றாக வந்து, பலவாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலிருந்தும் வாய்க்கால் பிரிந்து, அதற்கொரு மதகு, மதகுக்கு ஒரு பாலம், பாலத்தடியில் ஒரு டீக்கடை. எல்லா டீக்கடையும் ஒரே மாதிரி. எல்லாக் கடையிலும் ஒரே நாய் படுத்திருப்பதாகத் தமிழ்மாறனுக்குத் தோன்றும்.

ஆரம்பத்தில் வழி தவறினால் மனைவி சுடர்விழிக்குப் போன் போடுவார். சுடர்விழி கிராம சுகாதார செவிலியர். தடுப்பூசிப் பெட்டியோடு ஸ்கூட்டரில் சுற்றுவட்டாரம் முழுக்கப் போய்வருகிறவர்.

"இங்க ஒரு ஆலமரம் நிக்கிது."

"எந்த ஆலமரம்?"

"பெரிய ஆலமரம்."

"சின்ன ஆலமரம்னு ஒண்ண நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? பக்கத்துல என்ன இருக்கு?"

"டீக்கடை."

ஒருநாள் கைக்குழந்தை ஒன்றுக்கு ஊசி போடுகிற நேரத்தில் போன் வந்தது. அன்று சாயந்திரமே சுடர்விழி அவருடைய போனில் மேப்பைத் திறந்து கையில் கொடுத்தார். "இது சும்மா வர்றது. காசில்ல. இனிமே மரத்தக் காட்டி என்கிட்ட எதுவும் கேக்காதீங்க."

இலவச மேப்போடு கொஞ்ச காலம் நன்றாகத்தான் போனது. அதில் பேசுகிற பெண்குரலுக்குத் தமிழ்மாறன் மரியாதையாக "சரிங்கம்மா" என்று பதில் சொல்வார். ஆனால் அந்த அம்மாளுக்குக் கார் போகிற ரோடும் மாடு போகிற வரப்பும் ஒன்றுதான். வாய்க்கால் கரையில் கொண்டுபோய்விட்டுச் சிக்னல் இல்லாமல் ஊமையாகிவிடுவார். ஊர்க்காரர்கள் வேறு அவரவர் இஷ்டத்துக்குப் பெயர் எழுதி வைத்திருந்தார்கள். ஒரு மாப்பிள்ளை வீட்டாரை 'பேரரசர் மஹால்' என்ற இடத்துக்குக் கூட்டிப்போனால் அங்கே கட்டியிருந்தது இரண்டு எருமை.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாமல் போனது அம்சத்தின் பெரியப்பா செத்த அன்றுதான்.

அம்சம் ஆடுதுறையில் மளிகைக்கடை வைத்திருக்கும் அம்மாள். மேலையூரில் பெரியப்பா தவறிவிட்டார் என்று சேதி வர, உறவுப் பெண்களைக் கார் நிறைய ஏற்றிக்கொண்டு, ஆளுயர ரோஜா மாலையோடு கிளம்பினார். மேப்பில் மேலையூர் என்று போட்டதும் அதுவும் ஒரு மேலையூரைக் காட்டியது. இந்தப் பக்கத்தில் அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேல் ஊர் இருக்கிறது என்பதைத் தமிழ்மாறனும் யோசிக்கவில்லை, மேப்பும் யோசிக்கவில்லை.

போன இடத்தில் பந்தல் போட்டிருந்தது, சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள். சாவு வீடு என்பதில் சந்தேகமில்லை. அம்சம் வண்டியிலிருந்து இறங்கும்போதே, "என்னப் பெத்த அய்யா!" என்று அலறிக்கொண்டு ஓடி, அங்கிருந்த பெண்களைக் கட்டிக்கொண்டு கதறினார். அவர்களும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுது தீர்த்து, மாலையைப் போட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு ஐஸ் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். உள்ளே மூக்குத்தி போட்ட ஒரு கிழவி படுத்திருந்தாள்.

அந்த வீட்டார் நல்ல மனிதர்கள். "யாரா இருந்தா என்னம்மா, வந்து அழுதீங்களே, அதுவே பெரிசு. காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றார்கள். போட்ட மாலையைத் திரும்பக் கேட்க முடியுமா? காபியைக் குடித்துவிட்டு வந்து வண்டியில் ஏறினார்கள்.

சரியான மேலையூருக்குப் போகிற வழியில் அம்சத்துக்குக் குரல் அடைத்திருந்தது. "இருந்த அழுகையெல்லாம் அந்தக் கெழவிக்கே போச்சு. இப்ப பெரியப்பாவுக்கு அழ தொண்டையில சத்தமே இல்ல. சொந்தக்காரங்கள்லாம் பாப்பாங்களே, நான் சும்மா நின்னா என்ன நெனைப்பாங்க?" என்று கரகரத்தவர், தமிழ்மாறன் பக்கம் திரும்பிக் கேட்டார்: "வழி சொன்னது யாருய்யா?"

"மேப்புங்க."

"காசு கட்டின மேப்பா?"

"இல்லீங்க, சும்மா வர்றது."

"அதான்" என்றார் அம்சம்.

அந்த ஒற்றைச் சொல் தமிழ்மாறனை வீடுவரை துரத்தி வந்தது.

மறுநாள் காலையிலேயே ஃபாஜிலின் கடைக்குப் போனார். ஃபாஜில் ரயில்வே கேட் பக்கம் செல்போன் கடை வைத்திருப்பவர். கதையைக் கேட்டுச் சிரித்து முடித்துவிட்டு, 'ரூட்டு ராஜா' என்ற ஆப்பை எடுத்துக் காட்டினார். வருஷத்துக்கு ஒருதரம் சந்தா கட்டவேண்டும்.

"விளம்பரம் வராதுண்ணே. சிக்னல் செத்தாலும் இது ஓடும், மேப்பு மொத்தமும் போனுக்குள்ளயே எறங்கிடும். அப்புறம் லேன் காட்டும்."

"லேனா?"

"நாலு லேன் ரோட்டுல நீங்க எந்த லேன்ல போகணும்னு."

"நம்ம ரோட்டுல ஒரு லேனே பாதிதானே தம்பி இருக்கு."

"அப்ப அத விடுங்க. ஓசி மேப்பு தப்பா வழி சொன்னா யாரப் போய்க் கேப்பீங்க? இதுல நம்பர் குடுத்திருக்கான். கூப்ட்டா ஆள் எடுக்கும்."

தமிழ்மாறன் அந்த இடத்தில் விழுந்தார். தப்பு நடந்தால் கேள்வி கேட்க ஒரு ஆள். சந்தா கட்டப்பட்டது.

சுடர்விழிக்கு இது பிடிக்கவில்லை. "தண்ணியக் காசு குடுத்து வாங்க ஆரம்பிச்சோம். இப்ப வழியையும் வாங்கறீங்களா? எறங்கி டீக்கடையில கேட்டா சும்மா சொல்லப்போறாங்க."

"டிரைவரே எறங்கி வழி கேட்டா பின்னாடி உக்காந்திருக்கவங்களுக்கு வயித்தக் கலக்காதா? அதுவும் இல்லாம, யாரக் கேட்டாலும் நேராப் போங்கன்றான். இந்த ஊர்ல நேரா எங்க இருக்கு?"

அது நியாயமான கேள்விதான் என்பதால் சுடர்விழி தடுப்பூசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

ரூட்டு ராஜாவில் பேசியது ஆண்குரல். செய்தி வாசிப்பவர் உடம்பு சரியில்லாத நாளில் பேசுவது போலிருக்கும். "முந்நூறு மீட்டருக்குப் பின் மென்மையாக இடப்புறம் சாயவும்" என்றது முதல் நாள். தமிழ்மாறன் உண்மையாகவே இடது தோளைச் சாய்த்துக்கொண்டு ஓட்டினார். ஆனால் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அடுத்த நாளும் சேர்ந்தார். ஸ்டாண்டில் அவர் நடையே மாறிப்போனது. இலவச மேப் வைத்திருப்பவர்களை, ரேஷன் கடை வரிசையைக் காரிலிருந்து பார்ப்பதுபோல் பார்க்கத் தொடங்கினார்.

தை மாத முகூர்த்த நாள் ஒன்றில் திருக்கடையூர் சவாரி வந்தது. கோவிந்தராசுவுக்கு அறுபதாம் கல்யாணம். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சென்னையில் இருப்பவர். மனைவி கனகாவுக்குப் பிறந்த வீடு திருவிடைமருதூர். பிள்ளைகளும் சொந்தங்களும் முதல் நாளே திருக்கடையூர் போய் லாட்ஜ்களை நிரப்பியிருந்தார்கள். தன் ஊர் சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் வருவேன் என்று கனகா பிடிவாதம் பிடித்ததால், மாப்பிள்ளையும் பெண்ணும் மட்டும் தனியாக விடியற்காலையில் பட்டு உடுத்திக் கிளம்பினார்கள்.

முன்னால் மாட்டியிருந்த போன் பேசத் தொடங்கியதும் கோவிந்தராசு எட்டிப் பார்த்தார். "இது காசு கட்டறதுல்ல? சபாஷ். தொழில் பண்றவன்னா இப்படித்தான் இருக்கணும்."

தமிழ்மாறன் கண்ணாடியில் தன் மீசையைப் பார்த்துக்கொண்டார்.

"எதுக்குக் காசு? என்னுதுலயே காட்டுதே" என்று கனகா தன் போனை எடுத்து இலவச மேப்பைத் திறந்தார்.

குத்தாலம் தாண்டியதும் மாயவரம் டவுன் முழுக்கக் கல்யாண வண்டிகள் என்று இரண்டு போனிலும் சிவப்பு காட்டியது. டவுனுக்குள் நுழையாமல் சுற்றிப் போகவேண்டும். முன்னாலிருந்த ஆண்குரல் வலப்புறம் திரும்பச் சொன்னது. பின்னாலிருந்த பெண்குரல் நேராகப் போகச் சொன்னது. பின்சீட்டில் புருஷன் பெண்டாட்டி இருந்தால் ஆளுக்கொரு வழி சொல்வது தமிழ்மாறனுக்குப் புதிதல்ல. போன்களும் அதை ஆரம்பித்ததுதான் புதிது.

"ராஜா சொல்றபடி போப்பா" என்றார் கோவிந்தராசு. போனார்.

வயல்களுக்கு நடுவே கொஞ்சதூரம் போனபிறகு ஆறு வந்தது. பாலம் வரவில்லை. பழைய பாலத்தை இடித்துவிட்டு, புதுசுக்குத் தூண் மட்டும் எழுப்பியிருந்தார்கள். அதில் கம்பி நீட்டிக்கொண்டு நின்றது. கம்பியின் மேல் ஒரு கொக்கு. "பாலத்தைக் கடக்கவும்" என்றது ரூட்டு ராஜா.

"அப்டேட் பண்ணுவாங்க. காசு வாங்கறவன் சும்மா விடமாட்டான்" என்று கோவிந்தராசு சமாளித்தார்.

"அப்டேட் பண்ணி, பாலம் கட்டி முடிக்கறதுக்குள்ள உங்களுக்கு எண்பது வந்துரும். ஒரேடியா சதாபிஷேகமே பண்ணிக்கலாம்" என்றார் கனகா.

வண்டியைத் திருப்பினார்கள். இப்போது கனகாவின் போனுக்கு அதிகாரம். அது குறுக்கே ஒரு கிராமத்து ரோட்டில் கொண்டுபோய் விட்டது. ரோடு நல்ல ரோடுதான். ஆனால் சம்பா அறுவடைக் காலம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை ரோட்டை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். "நீங்கள் மிக விரைவான பாதையில் இருக்கிறீர்கள்" என்றது பெண்குரல்.

குடையை விரித்துக்கொண்டு கோழி விரட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். நெல்லுக்குச் சொந்தக்காரர், பெயர் காத்தான்.

"எங்க போகணும்?"

"திருக்கடையூருங்க."

பட்டுப்புடவையையும் மாலைக்கூடையையும் பார்த்தார் காத்தான். "அறுபதாங் கல்யாணமா? அதுக்கு எதுக்கு இங்க வந்தீங்க?"

தமிழ்மாறன் இரண்டு போன்களையும் கைகாட்டினார்.

"இருங்க, ஒரு ஓரமாத் தள்ளி வழி விடுறேன். மேல ஏத்திராதீங்க, அரிசி நொறுங்கிடும்" என்று சொல்லிவிட்டு, வீட்டாரைக் கூப்பிட்டு ஆளுக்கொரு தள்ளுபலகையோடு நெல்லை ஒதுக்க ஆரம்பித்தார். அவசரமே இல்லாமல் ஒதுக்கினார்.

காருக்குள் வெப்பம் ஏறியது.

"சும்மா வர்றதுன்னா நீ எதையும் விடமாட்ட" என்றார் கோவிந்தராசு. "ஓசிப் பை, ஓசிக் காலண்டர். இப்ப ஓசி மேப்பு."

"காசு குடுத்து நீங்க வாங்கினதெல்லாம் மட்டும் என்ன வாழுதாம்? நடக்கற மெஷின்ல துணி காயுது. யோகாவுக்கு மாசாமாசம் சந்தா கட்டிட்டுப் படுத்துக்கிட்டுப் பாக்கறீங்க."

"வாழ்க்கையில தரம்னு ஒண்ணு இருக்கு கனகா. காசு குடுத்தாத்தான் அதுக்கு மதிப்பு."

"ஓ. எங்கப்பா என்னையச் சும்மா குடுத்துட்டாரு பாருங்க. அதான் மதிப்பில்ல."

"சும்மாவா குடுத்தாரு? ஸ்கூட்டர்..." என்றவர் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கடித்து என்ன பயன்? ஸ்கூட்டர் வெளியே வந்துவிட்டது. கனகா மல்லிகைச் சரத்தை ஒருதரம் சரிசெய்துகொண்டு, ரொம்பவும் அமைதியாகச் சொன்னார்:

"தம்பி, வண்டியத் திருப்புப்பா. வீட்டுக்குப் போலாம். நான் தாலி கட்டிக்க வரல."

"கனகா!"

"திருப்புப்பா."

தமிழ்மாறனுக்கு வியர்த்தது. அவர் சவாரியில் கல்யாணம் நின்றது என்று ஊரில் பெயராகிவிடும். அதைவிடப் பெரிய சங்கடம் வேறு ஒன்று இருந்தது. இரண்டு போன்களையும் பார்த்தார். சிக்னல் இல்லாமல் பெண்குரல் செத்திருந்தது. ஆண்குரல் இன்னும் அந்தப் பாலத்தைக் கடக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. பேசாமல் இன்ஜினை அணைத்துவிட்டுப் பின்னால் திரும்பி உட்கார்ந்தார்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. வீட்டுக்கும் எனக்கு வழி தெரியாது."

"என்னது?"

"நாம எங்க இருக்கோம்னே தெரியலீங்க. இன்னைக்கின்னு இல்ல, எனக்கு எப்பவுமே தெரியாது."

கனகா கையிலிருந்த போனை மடியில் போட்டார்.

"நீ டிரைவர்தானேய்யா?" என்றார் கோவிந்தராசு.

"ஓட்டத் தெரியும்ங்க. போகத்தான் தெரியாது."

இருவரும் சேர்ந்து திட்ட ஆரம்பித்தார்கள். எடுத்துக்கொடுத்தவர் கோவிந்தராசு. தொடர்ந்தவர் கனகா. இவர் மூச்சு வாங்கினால் அவர் பிடித்துக்கொண்டார், அவர் வார்த்தை தேடினால் இவர் கொடுத்தார். வழி தெரியாதவனுக்கு லைசென்ஸ் கொடுத்தது யார் என்பதில் தொடங்கி, அவர் மீசை வரை வந்தார்கள். அத்தனை வருஷ சம்சாரத்தில் அவர்கள் இவ்வளவு ஒற்றுமையாக ஒரு காரியம் செய்திருப்பார்களா என்பது சந்தேகம். நடுவில் கனகாவுக்கு இருமல் வர, கோவிந்தராசு தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். வாங்கிக் குடித்தவர், "ஓட்டத் தெரியுமாம், போகத் தெரியாதாம்" என்று சொல்லிப் பார்த்தார். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. பட்டுப்புடவையில் தண்ணீர் சிந்தச் சிந்தச் சிரித்தார்.

கோவிந்தராசு தணிந்த குரலில், "அந்த ஸ்கூட்டர நான் கேக்கல. எங்கப்பா கேட்டது" என்றார்.

"தெரியும். ஓட்டினது நீங்கதானே."

"ஒன்னத்தான் பின்னாடி வச்சு ஓட்டினேன்."

"ஒரு மாசம். அப்புறம் வித்துட்டீங்க" என்றார் கனகா. சண்டை இல்லாமல்தான் சொன்னார். பிறகு கண்ணாடியை இறக்கி, "ஏங்க, எப்படிப் போகணும்?" என்று காத்தானைக் கேட்டார்.

"நேராப் போங்க" என்றார் காத்தான்.

எப்படியோ போனார்கள். ஒரு செங்கல் சூளை வழியாகப் போய், ஒரு பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி, செம்பனார்கோவிலில் மெயின் ரோட்டில் ஏறினார்கள். திருக்கடையூரில் அன்று கோயில் கொள்ளாத கூட்டம். தூணுக்கு ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தது. இவர்களுடைய ஐயர் இன்னொரு ஜோடிக்குக் கலசத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தாமதமானது யாருக்கும் தெரியவேயில்லை. கோவிந்தராசு தாலி கட்டும்போது கனகா குனிந்த தலை நிமிராமல், "மெதுவா, முடி மாட்டுது" என்று அதட்டியது தள்ளி நின்ற தமிழ்மாறனுக்குக்கூடக் கேட்டது.

இலைபோட்டுச் சாப்பிட்டு, வெற்றிலை மென்று, வண்டி நிறுத்துகிற இடத்துக்கு வந்த தமிழ்மாறன் ரூட்டு ராஜாவின் நம்பரைக் கூப்பிட்டார். ஃபாஜில் சொன்னது பொய்யில்லை. ஆள் எடுத்தது. பெயர் பிரதீபா என்று சொன்னது.

"இல்லாத பாலத்தக் கடக்கச் சொல்லுதும்மா ஒங்க ஆளு. ஒரு கல்யாணமே நின்னிருக்கும். நான் காசு கட்டியிருக்கேன், தெரியுமில்ல?"

"மன்னிக்கணும் சார். எந்த இடம் சார் அது?"

"அது தெரிஞ்சா நான் எதுக்கும்மா ஒங்களுக்குக் காசு கட்டறேன்?"

பிரதீபா சிரிப்பை அடக்குவது போனில் கேட்டது. போன வழியெல்லாம் போனிலேயே பதிவாகியிருக்கும், தப்பான இடத்தில் 'தவறு' என்ற பட்டனை அழுத்திப் படம் எடுத்து அனுப்பினால் திருத்திவிடுவோம் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். தமிழ்மாறன் அன்றிலிருந்து அழுத்தத் தொடங்கினார். முட்டுச்சந்து, மூடிய கேட், ரோடு என்று காட்டிய குளம். வழி தெரிந்த டிரைவர்கள் ஒழுங்கான ரோட்டில் மட்டும் போய்வருவார்கள். மேப்பில் இருக்கிற அத்தனை தப்புக்குள்ளும் தானே நேரில் போய் நுழைகிறவர் தஞ்சாவூர் ஜில்லாவில் இவர் ஒருவர்தான். அனுப்பிய படங்கள் குவிந்தன. வாரத்துக்கு ஒருதரம் பிரதீபாவையும் கூப்பிட்டு, மனசாரக் கோபித்துக்கொண்டு, சாப்பிட்டாச்சா என்று விசாரித்துவிட்டு வைப்பார்.

சந்தா முடியும் சமயத்தில் கம்பெனியிலிருந்து சேதி வந்தது. டெல்டா பகுதியின் சிறந்த வழிகாட்டியாக அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். இனி ஆயுளுக்கும் ரூட்டு ராஜா அவருக்கு இலவசம். ஸ்டாண்டில் ஒருவர் அதை வாசித்துக் காட்ட, 'வழிகாட்டி' என்ற வார்த்தையில் ஆரம்பித்த சிரிப்பு டீ ஆறும்வரை அடங்கவில்லை. தமிழ்மாறன் மட்டும் முகம் செத்துப்போய்த் தள்ளி நின்று பிரதீபாவைக் கூப்பிட்டார்.

"சும்மா குடுத்துட்டா, அப்புறம் நான் ஒங்களக் கேள்வி கேக்கறது எப்படிம்மா?"

"தாராளமாக் கேக்கலாம் சார்."

"அது முறையில்லம்மா. நீங்க காசே வாங்கிக்குங்க."

அதற்கு அவர்கள் கம்பெனியில் வழி இல்லை என்று பிரதீபா சொல்லிப் பார்த்தார். கடைசியில் ஃபாஜில்தான் வேறு பெயரில் புதுக் கணக்கு ஒன்று தொடங்கிச் சந்தா கட்டிக்கொடுத்தார். "சும்மா வந்த சீதேவிய வாசல்ல நிக்கவெச்சுத் துரத்தறீங்களே" என்று சுடர்விழி தலையில் அடித்துக்கொண்டார்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாயவரத்தில் புடவை எடுக்கவேண்டும் என்று சுடர்விழி முன்சீட்டில் ஏறினார். இரண்டு மேப்பையும் அணைக்கச் சொல்லிவிட்டுத் தானே வழி சொல்லிக்கொண்டு வந்தவர், முந்தின நாள் முகாம் வேலையின் அசதியில் ஆடுதுறை தாண்டும் முன்பே தூங்கிப்போனார். கண் விழித்தபோது கார் நின்றிருந்தது. எதிரே மணல். மணலுக்கு அப்பால் கட்டுமரங்கள். காற்றில் மீன் வாசம்.

"இது என்னங்க?"

"கடல்."

"அது தெரியிது. மாயவரம் எங்க?"

"வழியில எங்கயோ வந்துச்சு" என்றார் தமிழ்மாறன். "நீ நல்லாத் தூங்கிட்டிருந்த. எழுப்ப மனசு வரல."

சுடர்விழி அவரை ஒருதரம் பார்த்தார், கடலை ஒருதரம் பார்த்தார். செருப்பைக் காரிலேயே கழற்றி வைத்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினார். கரையில் ஒரு அம்மாள் அடுப்பு மூட்டி வஞ்சிரம் பொரித்துக்கொண்டிருந்தார். ஆளுக்கு இரண்டு துண்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். புடவை அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம் என்றார் சுடர்விழி.